சொன்னது நடந்தது... சந்தோஷப்பட முடியவில்லை!

நிலநடுக்கம் என்றதும் நமக்கெல்லாம் ரிக்டர் பெயர்தான் ஞாபகம் வரும். எனக்குப் பிடித்தவர் இன்னொருத்தர். ஜப்பானின் அகிட்சுனே இமாமுரா!

1870-ல் ககோஷிமாவில் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே நிலநடுக்கத் துறையில் சம்பளமில்லாத உதவிப் பேராசிரியர் ஆனார். கடலடித் தரை திடீரென்று அசைவதால்தான் சுனாமி கிளம்புகிறது என்று 1899-லேயே சொன்னார். அப்போது அதை யாரும் பெரிசா எடுத்துக்கவில்லை. இன்று உலகமே அதைத்தான் படிக்கிறது!

பழைய நிலநடுக்கக் குறிப்புகளைப் புரட்டிக் கணக்குப் போட்ட இமாமுரா, 1905-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஐம்பது வருஷத்துக்குள் டோக்கியோவைப் பெரிய நிலநடுக்கம் தாக்கலாம்; மரவீடுகள் தீப்பிடித்தால் ஒரு லட்சம் பேருக்கு மேல் சாவார்கள்; மண்ணெண்ணெய் விளக்கை விட்டு மின்விளக்குக்கு மாறுங்கள் என்றார். பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்கின. ஊரே கலவரப்பட்டது. அவருடைய துறைத் தலைவர் ஓமோரியே அது ஆதாரமில்லாத பேச்சு என்று மறுத்து எழுதினார். இமாமுராவுக்குக் கிடைத்தது புளுகன் என்ற பட்டம்தான்!

பதினெட்டு வருஷம் ஓடியது. 1923 செப்டம்பர் 1, பகல் 11.58. வீடுகளில் மதியச் சமையல் நேரம். பூமி குலுங்கியது; அடுப்புத் தீ பரவியது; தண்ணீர்க் குழாய்கள் உடைந்து போயிருந்தன. இறந்தவர்கள் சுமார் 1,05,000 பேர். பெரும்பாலோர் தீயில் மாண்டவர்கள்.

அன்று ஓமோரி ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருந்தார். நோயாளியாக ஊர் திரும்பி, நவம்பரில் இறந்தார். அந்தப் பொறுப்பு இமாமுராவுக்கு வந்தது.

நான் சொன்னேனே என்று மார்தட்டிக்கொண்டு அவர் உட்காரவில்லை. அடுத்தது தென்மேற்குக் கடற்கரையில் நான்காய் பகுதி என்று கணித்தார். 1707, 1854 என்று அங்கே மறுபடி மறுபடி வந்திருக்கிறதே! 1928-ல் வாகயாமாவில் சொந்த முயற்சியில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1944-லும் 1946-லும் அங்கே நிலநடுக்கமும் சுனாமியும் வந்தே விட்டன. 1946-ல் மட்டும் 1,300 பேருக்கு மேல் பலி. 1948 ஜனவரி 1 அன்று இமாமுரா கண்மூடினார்.

அதே நான்காய் பகுதியில் இன்னொன்று வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று இன்றும் ஜப்பான் அரசின் குழு எச்சரிக்கிறது. வருஷா வருஷம் செப்டம்பர் 1-ல் அந்த நாடே ஒத்திகை பார்க்கிறது.

எந்த நாள் வரும் என்று இமாமுராவுக்கும் தெரியாது. இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. ஆனா வந்தால் எது உடையும், எது எரியும் என்று கணக்குப் போடலாம் இல்லையா? அது நம்ம வேலை, நண்பர்களே! நாளைக்கு சைட்டில் நிற்கும்போது, ரிங் கம்பியின் கொக்கியை 135 டிகிரிக்கு வளைக்கச் சொன்னால், 90 போதும் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! வளைத்த பிறகே கான்கிரீட் போடுவோம்!