காட்டுக் கிழங்கு கண்ட கைதி

குச்சவெளியிலிருந்து கடலோரமாய்த் தெற்கே சென்று திருகோணமலைத் துறைமுகத்தைக் கடந்தால் கொட்டியாரக் குடா தோன்றும். புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, அதனைச் செப்பனிட அங்கே ஒதுங்கிற்று. 1660-இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்சையும் சிறைப்பிடித்தனர். மகனுக்கு வயது 19.

மறு ஆண்டே தந்தையார் நோயால் மாண்டார். தாமும் நோயுற்றிருந்த மகனே அவரை அடக்கஞ் செய்தார்.

ஊரார் சோறளித்தனர், வாழும் வழியைத் தாமே தேட வேண்டியிருந்தது. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். எலதெத்தவில் நிலம் வாங்கிக் குடியமர்ந்தார். ஊராரின் உணவையும் கூர்ந்து கற்றார். காய்ப் பருவத்துப் பலா ஏழைகளுக்குச் சோற்றின் குறை தீர்ப்பதைக் கண்டார். காட்டுக் கிழங்கு, நட்டு வளர்த்த கிழங்கினும் தாழ்ந்ததன்று. ஆயினும் அரிது, ஆழத்தில் விளைவதால் அகழ்வதும் கடினம் என்பதை அறிந்தார். தோட்டத்தில் நடுவதன் அருமை இதனாலேயே விளங்கும்.

1679-இல் தோழர் ஒருவருடன் அநுராதபுரக் காடுகளினூடே தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681-இல் இலண்டனில் அவரது நூல் வெளிவந்தது. 1720-இல் அவர் மறைந்தார்.

அரசனின் கொடுமையை எழுதியவர் கிழங்கையும் மறவாது எழுதினார். அதனாலன்றோ, அக்காலத்து எளியோர் எதை உண்டு உயிர் வாழ்ந்தனர் என்பதை இன்று நாம் அறிகிறோம்!