காவி கட்டிய பிரெஞ்சு சாமியார்

குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி என்று ஓர் ஊர். காவிரிக் கரையில் மாந்தோப்பு. 1950-ம் ஆண்டு மார்ச் மாதம் 21-ந் தேதி, அங்கே இரண்டு வெள்ளைக்காரத் துறவிகள் ஆசிரமம் தொடங்கினார்கள். காவி உடை. வெறுங்கால். தரையில் உட்கார்ந்து கையால் சாப்பாடு. ஆனால் செய்ததோ கிறிஸ்தவப் பூசை!

ஆசிரமத்தின் பெயர் சாந்திவனம்.

மூத்தவர் மோன்சானின் பாதிரியார். இளையவர் ஆன்றி லெ சோ. 1910-ல் பிரான்சு நாட்டுக் கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். 19 வயதில் மடத்தில் சேர்ந்தார். உடல் அங்கே இருந்தது, நினைப்பு இந்தியாவில். திருச்சி பிஷப்புக்குக் கடிதம் எழுதினார். மோன்சானின்தான் பதில் போட்டார். 1948-ல் லெ சோ கப்பல் ஏறினார். பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக் கொண்டார்.

மலை இழுத்தது

இந்துக்களுக்குக் கிறிஸ்துவைக் காட்டவே அவர் வந்தார். நடந்தது வேறு.

1949 ஜனவரியில் இருவரும் திருவண்ணாமலை போனார்கள். ரமண மகரிஷியைப் பார்த்ததும் லெ சோவுக்கு ஏமாற்றம். சாதாரணக் கிழவராகத் தெரிந்தார். ஆனால் வேத கோஷம் காதில் விழ விழ, உள்ளே ஏதோ அசைந்தது. காய்ச்சலும் கண்டது. மகரிஷியின் முகம் மனதை விட்டுப் போகவில்லை.

1952 முதல் அடிக்கடி அருணாசல மலைக் குகைகளில் போய் இருந்தார். திருக்கோவிலூர் ஞானானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டார்.

அப்போதுதான் தவிப்பு தொடங்கியது. 'எல்லாம் ஒன்றே' என்ற அத்வைதம் உண்மையானால், ஏசுவிடம் செய்யும் செபம் என்ன ஆவது? ஏசுவை விட அவரால் முடியவில்லை. குகையில் கண்டதைப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. இரவுகளில் டைரியில் எழுதி எழுதிப் புழுங்கினார். மோன்சானினுக்கும் இந்தப் போக்கு பிடிக்கவில்லை. 1957-ல் அவர் பாரிஸில் இறந்தார்.

சாந்திவனத்துக்குச் சீடர்கள் அதிகம் வரவில்லை. வந்தவர்களும் நிலைக்கவில்லை. 1968-ல் ஆசிரமத்தை பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவியிடம் விட்டுவிட்டு, லெ சோ இமயமலைக்கே போய்விட்டார். உத்தரகாசியில், கங்கைக் கரையில் ஒரு சிறு குடில். அதுதான் வீடு.

கடைத்தெருவில்

1973 ஜூலை 14. ரிஷிகேசத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மாரடைப்பு! கடைத்தெருவில் சாய்ந்தார். உயிருக்கும் சாவுக்கும் நடுவே கிடந்த அந்த நேரத்தில், இருபது ஆண்டுத் தவிப்பு அடங்கிப் போயிற்று. தேடியது கிடைத்துவிட்டதாக நண்பர்களுக்கு எழுதினார். கடைசிவரை கிறிஸ்தவத் துறவியாகவே இருந்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி, இந்தூரில் அவர் காலமானார். வயது 63.