தேசபக்தன் கோ. நடேசய்யர்: வரலாறு பயில்வோர் அறியவேண்டிய ஒரு வாழ்வு

ஒரு நாட்டின் வரலாற்றைப் பயிலப் புகும் மாணவன் முதலிற் கேட்கவேண்டிய வினா, அவ்வரலாற்றிலே தன் ஊரும் தன் முன்னோரும் எவ்விடத்து நிற்கின்றனர் என்பதாகும். உயர்தர வகுப்பில் இலங்கை வரலாற்றை ஒரு பாடமாக எடுக்கும் நம் மலைநாட்டு மாணாக்கருக்கு இவ்வினாவின் விடை எளிதிற் கிடைப்பதில்லை. அநுராதபுரத்துக் குளங்கள், பொலன்னறுவைச் சிறப்பு, யாழ்ப்பாண அரசு, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தம், 1833ஆம் ஆண்டுக் கோல்புறூக் சீர்திருத்தம், கோப்பி, தேயிலை என்று பாடம் படிப்படியாகச் செல்லும். தேயிலை வந்த பின்னர் நம்மவரும் வருவர். ஆயினும் பெரும்பாலும் தொகையாகவே வருவர். இத்தனை ஆயிரம் பேர் வந்தனர், இத்தனை இறாத்தல் தேயிலை ஏற்றுமதியாயிற்று என்ற கணக்கினுள்ளே அவர்கள் அடங்கிவிடுவர். பெயரோடும் முகத்தோடும் வருவோர் மிகச் சிலரே.

நம் பூண்டுலோயாவையே எடுத்துக்கொள்வோம். இவ்வூரின் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உலகத்து அறிவியல் நூலகங்களிற் புகுந்துவிட்டது. இங்கே தேயிலை பயிரிட்ட எட்வர்ட் ஏர்னஸ்ட் கிறீன் என்னும் ஆங்கிலேயர், செடிகளைப் பற்றும் செதிற் பூச்சிகளைத் தேடித் தொகுத்து, 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக ஒரு பெருநூல் வெளியிட்டார். இம்மலைகளிற் கண்டெடுத்த பூச்சிகளின் பெயர்கள் அவ்வாறு நிலைபெற்றன. அதே காலத்தில் அதே செடிகளிலிருந்து கொழுந்து கிள்ளியோரின் பெயர்களோ தோட்டத்துச் செக்ரோலுக்கு அப்பாற் செல்லவில்லை. கிறீன் செய்த பணி போற்றத்தக்கதே. எனினும், எது எழுதப்படுகிறதோ அதுவே எஞ்சும் என்னும் உண்மையை வரலாற்று மாணவன் இதனால் உணர்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வாழ்வை எழுத்திலே ஏற்றுவதையே தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்ட ஒருவர் இருந்தார். அவரே தேசபக்தன் கோ. நடேசய்யர்.

கோதண்டராம நடேசய்யர் 1887ஆம் ஆண்டு சனவரி மாதம் 14ஆந் திகதி தஞ்சைச் சீமையிற் பிறந்தார். இளமையில் தஞ்சாவூரில் ஆசிரியராகப் பணியாற்றினார். வணிகமும் கணக்குப் பதிவும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்ட அக்காலத்தில், அத்துறைகளைத் தமிழறிந்தோருக்கு விளக்கும் நூல்களை எழுதினார். வணிகருக்கெனப் பத்திரிகை ஒன்றும் நடத்தினார். அவ்வணிகத் தொடர்பே அவரை 1915ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு அழைத்து வந்தது.

வந்தவர் கொழும்பு வணிகரோடு அளவளாவித் திரும்பியிருக்கலாம். ஆனால் மலைநாட்டுத் தோட்டங்களின் நிலையைத் தம் கண்ணாற் காணவேண்டும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் எழுந்தது. அந்நாளில் தோட்டத்தினுள்ளே அயலார் நுழைதல் குற்றம். துரையின் அனுமதியின்றி லயத்துப் பக்கம் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் பாயும். எனவே அவர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுட் சென்றார் என்று அவர்தம் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தோட்டத்திற் புகக்கூடிய அயலாருள் புடைவை வியாபாரியும் ஒருவன் அல்லவா!

அவர் அங்கே கண்டது யாது? தொழிலாளி கங்காணிக்குக் கடன்பட்டவனாகவே கப்பலேறினான். அக்கடன் தீராமல் தோட்டத்தை விட்டு நீங்க முடியாது. வேறொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். கடனைச் செலுத்துவோரிடம் இவர்களை விட்டுவிட இணக்கம் என்பதே அத்துண்டின் பொருள். மனிதர் கடனோடு கைமாறினர். இத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பாடநூலில் ஒரு வரியாக நிற்கும் இச்செய்தியின் பின்னே எத்தனை குடும்பங்களின் கண்ணீர் உண்டென்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1920ஆம் ஆண்டையொட்டி நடேசய்யர் இலங்கையிலேயே தங்கினார். 1921இல் தேசநேசன் என்னும் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். 1924இல் தேசபக்தன் பத்திரிகையைத் தோற்றுவித்தார். அப்பெயரே அவருக்கு அடைமொழியாயிற்று. ஆங்கிலத்திலும் பத்திரிகைகள் நடத்தினார். தொழிலாளிக்குத் தமிழிலும், ஆள்வோர்க்கு ஆங்கிலத்திலும் எடுத்துரைக்க வேண்டும் என்பது அவர் கொண்ட முறை. கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்திற் சேர்ந்து நகரத் தொழிலாளரின் போராட்டங்களிலும் பங்கு கொண்டார். காவற்றுறையினர் அவருடைய நடமாட்டத்தைக் கண்காணித்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பி வந்தனர்.

இங்கே பாடநூலின் அரசியலமைப்பு அத்தியாயங்களை மாணவர் நினைவுகூர வேண்டும். 1912, 1920, 1924, 1931, 1947 என்ற ஆண்டுகளைப் பரீட்சைக்காக மனனம் செய்வோர் பலர். ஒவ்வோர் ஆண்டிலும் சபையில் எத்தனை அங்கத்தவர், உத்தியோகத்தர் எத்தனை பேர் என்று ஒப்புவிப்பர். அவ்வெண்களின் உட்பொருளை அறிய நடேசய்யரின் வாழ்வை அவற்றின் அருகே வைத்துப் படித்தல் நன்று.

1924ஆம் ஆண்டு அமைப்பின்படி சட்டநிரூபண சபையில் இந்தியருக்கு இரண்டு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று வெற்றிடமாகவே, 1925இல் நடந்த இடைத்தேர்தலில் நடேசய்யர் வென்று சபையிற் புகுந்தார். அன்று வாக்குரிமை சொத்தும் வருமானமும் கல்வியும் உடையோர்க்கே உரியது. ஆதலால் எவர்க்காகப் பேச அவர் சபைக்குச் சென்றாரோ அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அவருக்கு வாக்களித்திருக்க இயலாது. வாக்கில்லாதவர்களின் குறையை வாக்குள்ளவர்களின் சபையில் அவர் எடுத்துரைத்தார்.

அச்சபையின் காலத்திலேயே, 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை விதித்தது. 1929இல் நடைமுறைக்கு வந்த அவ்விதியின்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அது போதாதென்று நடேசய்யர் வாதிட்டார். அக்கூலியும் நிலைக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் தேயிலை விலையை வீழ்த்தவே, தோட்டச் சொந்தக்காரர் கூலியைக் குறைக்க முற்பட்டனர். கொழும்பில் குணசிங்காவோடு பிணங்கிப் பிரிந்திருந்த நடேசய்யர், தம் இருப்பிடத்தை அட்டனுக்கு மாற்றிக்கொண்டு, 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டத் தொழிலாளருக்கென எழுந்த முதற் சங்கம் அதுவே. அவ்வாண்டு மே மாதம் கூலிக் குறைப்பை எதிர்த்து அட்டனிற் கூடிய கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தனர். துரையின் குரலுக்கு மட்டுமே பிரட்டுக்களத்தில் ஒன்றுகூடிப் பழகியவர்கள், தம் பொருட்டுத் தாமே ஒன்றுகூடிய நாள் அது.

இப்பணியில் அவருக்கு நிகராக நின்றவர் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள். பத்திரிகைப் பணியிலும் மேடையிலும் அவர் பங்கு பெரிது. தொழிலாளரின் துயரையும் உரிமையையும் அவர்களுக்குப் பழக்கமான மெட்டுக்களில் அமைத்துக் கூட்டங்களிற் பாடினார். எழுத்தறியாதோரும் பாட்டைக் கேட்டுப் பொருளறிந்தனர். இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்னும் பெயருடன் 1940இல் அவருடைய பாடல்கள் சிறு நூலாக வெளிவந்தன. நடேசய்யரும் தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம் என ஒரு நாடகம் எழுதினார். கட்டுரை எட்டாத இடத்துக்குப் பாட்டும், பாட்டு எட்டாத இடத்துக்கு நாடகமும் செல்லும் என்பதை இவ்விருவரும் நன்கறிந்திருந்தனர்.

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை அளித்தது. ஆசியாவிலேயே முந்தி வந்த பேறு இதுவென்று நாம் பெருமையுறுகிறோம். இந்தியத் தொழிலாளரின் வாக்குரிமைக்கு அன்றே வரம்புகள் இடப்பட்டன என்பதையும் மாணவர் உடன் எழுதவேண்டும். நிலையான குடியிருப்பை நிறுவுதல் அல்லது சொத்து, எழுத்தறிவுத் தகைமை பெறுதல் அவர்க்கு வேண்டியதாயிற்று. எனினும் வாக்காளராய்ப் பதிந்த இந்தியரின் தொகை 1931இல் ஏறத்தாழ 1,00,000 ஆகவும், 1939இல் ஏறத்தாழ 2,25,000 ஆகவும் உயர்ந்தது. 1936இல் நடேசய்யர் அட்டன் தொகுதியிலிருந்து இரண்டாவது அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். பத்தாண்டுகளுக்கு முன் தொழிலாளரின் வாக்கின்றி அவர்களுக்காகப் பேசியவர், இப்பொழுது அவர்களின் வாக்கினாலேயே சபையில் அமர்ந்தார். 1924க்கும் 1931க்கும் உள்ள வேறுபாடு யாதென்று வினவுவோர்க்கு இதனினும் தெளிந்த விடை இல்லை.

பெரியோரின் வாழ்வை எழுதுகையில் ஏற்றத்தை மட்டும் எழுதி இறக்கத்தை மறைத்தல் முறையன்று. 1939இல் சவகர்லால் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அதன் தொழிற்சங்கம் 1940 முதல் தோட்டந்தோறும் விரைந்து பரவவே, நடேசய்யரின் சம்மேளனம் பின்தங்கியது. புதிய தலைவர்களோடு அவரால் ஒத்துப்போக இயலவில்லை. தனித்து நின்று வழி திறந்த ஒருவருக்கு, பலரோடு சேர்ந்து அவ்வழியில் நடப்பது கடினமாயிற்று போலும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அவ்வாண்டு தொடங்கிய சுதந்திரன் பத்திரிகையின் முதல் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்த நிலையில், நவம்பர் மாதம் 7ஆந் திகதி நடேசய்யர் காலமானார்.

அவர் மறைந்து ஓராண்டு கழிந்தபோது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்கும் இழந்தனர். எழுவர் சென்ற சபைக்கு 1952இல் அவ்வாறு ஒருவரும் செல்ல இயலவில்லை. 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை இரு நாடுகளும் பகிர்ந்துகொள்ளும் கணக்காக்கிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு என்பது ஏற்பாடு. நாடற்றோர் பிரச்சினை முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நடேசய்யர் வென்றதை நாடு இழந்தது. இழந்ததை மீட்க அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. உரிமை ஒருமுறை பெற்றால் என்றும் நிலைக்கும் என்று எண்ணுவோர்க்கு இவ்வரலாறு ஓர் எச்சரிக்கையாகும்.

நடேசய்யரை நாம் இன்று எங்ஙனம் அறிகிறோம் என்பதும் வரலாற்று மாணவர் கருதவேண்டிய ஒன்று. அவர் இறந்து பல்லாண்டுகள் அவர் பெயர் ஏறக்குறைய மறைந்தே கிடந்தது. 1972இல் கலாநிதி குமாரி ஜயவர்தனா இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சியைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் அவருடைய பணியை ஆய்வுலகின் முன் வைத்தது. 1988இல் மலையக எழுத்தாளர் சாரல் நாடன் தேசபக்தன் கோ. நடேசய்யர் என்னும் நூலை எழுதி அவரை மீட்டுத் தந்தார். சபை நடவடிக்கை அறிக்கைகள், மங்கிய பத்திரிகைத் தாள்கள், துண்டுப் பிரசுரங்கள், காவற்றுறைக் கோவைகள் ஆகியவையே இத்தகைய ஆய்வுக்குரிய மூலங்கள். அவரைத் தடுக்க எண்ணி எழுதப்பட்ட இரகசிய அறிக்கைகளும் இன்று அவர் பணிக்குச் சான்று பகர்கின்றன! மூலத்தை எழுதியவன் நோக்கம் ஒன்று. அதைப் பயில்வோன் காணும் பயன் மற்றொன்று. உயர்தர வகுப்பு வரலாற்றுப் பாடம் கற்பிக்கவேண்டிய தலையாய திறன் இவ்வேறுபாட்டை உணர்தலே.

ஆகவே, நம் கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், வரலாற்றைப் பாடமாகக் கொண்ட மாணாக்கரிடம் ஒன்று வேண்டுகிறோம். பாடநூலை நன்கு கற்பீராக. ஆண்டுகளை மறவாதிருப்பீராக. அவற்றோடு நும் பாட்டனாரும் பாட்டியாரும் எத்தோட்டத்திற் பெயர் பதிந்தனர், எவ்வாண்டிற் பிரசாவுரிமை பெற்றனர், எச்சங்கத்துக்குச் சந்தா செலுத்தினர் என்பதையும் கேட்டு எழுதி வைப்பீராக. பழைய செக்ரோலும், கோயிற் கணக்கும், பெட்டியடியில் மடித்து வைத்த பிரசாவுரிமைப் பத்திரமும் வரலாற்று மூலங்களே. பழைய மாணவராகிய நாமும் நம் வீட்டிலுள்ள இத்தகைய தாள்களைக் கல்லூரி நூலகத்திற் சேர்த்து வைப்பின், நாளை ஆராயப் புகும் ஒருவர்க்கு அவை பெருந்துணையாகும்.

புடைவை மூட்டையோடு தோட்டத்துக்குள் நுழைந்த ஒருவர், வெளியே வரும்பொழுது ஒரு மக்களின் வரலாற்றைச் சுமந்து வந்தார். அச்சுமையில் ஒரு பங்கை ஏற்பது கற்றோராகிய நம் கடன். வாழ்க நடேசய்யர் நாமம்! வளர்க நம் கல்லூரி!