தராவதி மன்னர்: பெயரிடப்படாத நோயும் பறிபோன அரியணையும்

யாங்கூன் நகரில் தமிழ்க் குடும்பங்களும் வாழும் தின்கன்ஜூனில் இருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஷ்வேடகோன் பகோடா அமைந்துள்ளது. அங்குள்ள, சுமார் 42 டன் எடையுடைய பெரிய மணி, பர்மிய மன்னர் தராவதி 1841ஆம் ஆண்டு அளித்த காணிக்கையாகும். அதே மன்னர், சில ஆண்டுகளிலேயே மனநிலை பிறழ்ந்தவராகக் கருதப்பட்டு, தனது மகனாலேயே காவலில் வைக்கப்பட்டார். 1846இல் அவர் உயிரிழந்தார்.

அவருக்கு முன் ஆண்ட அண்ணன் பஜிடோவின் முடிவும் இதனை ஒத்ததே. அஸ்ஸாம், மணிப்பூர் வரை படை அனுப்பிய பஜிடோ, 1826ஆம் ஆண்டின் யாண்டபோ உடன்படிக்கையின் கீழ் அராக்கானையும் தெனாசரிமையும் பிரிட்டிஷாரிடம் இழந்தார். அதன் பின்னர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு உள்ளாகி அவர் ஒதுங்கிக்கொள்ள, 1830களின் தொடக்கத்தில் நிர்வாகம் ஒரு குழுவிடம் சென்றது. 1837இல் கிளர்ச்சி செய்த தம்பி தராவதி அரியணையைக் கைப்பற்றினார்.

தராவதியின் தொடக்க ஆண்டுகள் வேகம் மிக்கவை. தலைநகரை ஆவாவில் இருந்து அமரபுராவுக்கு மாற்றிய அவர், யாண்டபோ உடன்படிக்கையையும் ஏற்க மறுத்தார். 1841இல் பெரும் படையுடன் ரங்கூன் வந்து, ஆற்றங்கரையில் இருந்து தள்ளிப் புதிய நகரம் அமைக்க ஆணையிட்டார். போர் மூளும் என பிரிட்டிஷார் அஞ்சிய போதிலும், அவர் போரின்றித் திரும்பினார். பிற்காலத்தில் அவரது கட்டுக்கடங்காத சீற்றம் அரண்மனையை நடுங்கச் செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

அளவு கடந்த உற்சாகம், குறைந்த உறக்கம், பெருந்திட்டங்கள், எரிச்சல் ஆகியவை ஒரு காலத்திலும், நம்பிக்கையற்ற சோர்வு மற்றொரு காலத்திலும், இடையே இயல்பான நிலையும் தோன்றுவதை இன்றைய மருத்துவம் இருமுனை மனநிலைக் கோளாறு என்கிறது. குடும்ப வழியில் இதற்கான வாய்ப்பு அதிகம். எனினும், இந்தச் சகோதரர்களுக்கு அந்த நோய் இருந்ததாக இன்று யாரும் உறுதி செய்துவிட முடியாது. மன்னரின் மனம் பிறழ்ந்ததால் இருமுறையும் பலனடைந்தவர், அடுத்து அரியணை ஏறியவரே என்பதும் கவனிக்கத்தக்கது. தராவதிக்குப் பின் முடிசூடியவர், அவரைக் காவலில் வைத்த மகன் பாகன் மின்.

மாறி மாறி வரும் இந்த நிலைகளை ஒரே நோயாக பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தது 1854இல். லித்தியம் மருந்தின் பயனை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டது 1949இல். தராவதியின் அரண்மனைக்கு, பூட்டிய அறையைத் தவிர வேறு வழி தெரிந்திருக்கவில்லை. இன்று சிகிச்சை உண்டு. ஆனாலும் நோயுற்றவரை வீட்டுக்குள் மறைத்து வைக்கும் வழக்கம் நமது சமூகத்தில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.