அகஸ்டா சாவேஜ்: பொதுநிதி எழுப்பியதும் கைவிட்டதும்

கறுப்பினச் சிற்பி அகஸ்டா சாவேஜ் 1892இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிறந்தார். களிமண்ணில் உருவங்கள் செய்ததற்காகத் தந்தையிடம் அடிவாங்கினார். 1923இல் பிரான்சின் கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தபோது, அமெரிக்கத் தேர்வுக் குழு நிறத்தின் பேரால் அவரை நிராகரித்தது.

பெருமந்தக் காலத்தில் வேலையிழந்த கலைஞர்களுக்கு அரசு ஊதியம் வழங்கியது. அத்திட்டத்தின் நிதியில் 1937இல் எழுந்த ஹார்லெம் சமூகக் கலை மையத்தின் முதல் இயக்குநரானார் சாவேஜ். எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே கட்டணமின்றிப் பயின்றனர். இளம் ஓவியர் ஜேக்கப் லாரன்சுக்கு அத்திட்டத்தில் ஊதியப் பணி கிடைக்க அவரே துணைநின்றார்.

1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு 16 அடி உயர யாழ்ச் சிற்பம் வடித்தார். வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லாததால், கண்காட்சி முடிந்ததும் அது இடிக்கப்பட்டது. 1962இல் சாவேஜ் மறைந்தார்.

கலைக்கான பொதுநிதியைச் சலுகை என்போருக்கு நாம் இரண்டையும் சுட்டிக்காட்டுவோம்: நிதி இருந்தபோது எழுந்த மையம், இல்லாதபோது உடைந்த சிற்பம்.