கடல் தாண்டிப் படிக்கப் போன ஆனந்திபாய்



இந்த மாதம் வாழ்க்கை வரலாறு பகுதி எழுத என் முறை. போன மாதம் எட்டாம் வகுப்பு அப்துல் கலாம் ஐயாவை எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தின மாதம் காமராஜர். நான் ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுதணும் என்று முதலிலேயே முடிவு பண்ணிட்டேன். யாரைப் பற்றி என்றுதான் தெரியவில்லை. அப்போது டீச்சர் கொடுத்த புத்தகத்தில் ஒரு பழைய புகைப்படம் பார்த்தேன். 1885-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் எடுத்தது. மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஜப்பான் நாட்டு உடையில் இருக்கிறார், அவர் பெயர் கேய் ஒகாமி. இன்னொருவர் சிரியா நாட்டு உடையில், பெயர் சபாத் இஸ்லாம்பூலி. மூன்றாவது பெண் சேலை கட்டியிருக்கிறார். மூன்று பேரும் டாக்டருக்குப் படிக்கிறவர்கள். யாரும் சிரிக்கவில்லை. சேலை கட்டியவரைப் பார்த்தால் நம்ம ஊர் பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா மாதிரியே இருந்தது. அவர்தான் ஆனந்திபாய் ஜோஷி.

இவர் 1865-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31-ஆம் தேதி மராட்டியத்தில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் யமுனா. பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாண் என்ற ஊரில் நிலபுலத்தோடு வாழ்ந்து பிறகு நொடித்துப்போன குடும்பம். ஒன்பது வயதில் திருமணம் செய்து வைத்துவிட்டார்கள். ஒன்பது வயது என்றால் நாம் நாலாம் வகுப்பு. நான் நாலாம் வகுப்பில் பல்லாங்குழிக் காய் தொலைந்ததுக்கு அழுதுகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை கோபால்ராவ் ஜோஷி, தபால் அலுவலகத்தில் எழுத்தர். மனைவியை இழந்தவர். யமுனாவை விட ஏறத்தாழ 20 வயது பெரியவர். திருமணத்துக்குப் பிறகு அவர்தான் ஆனந்தி என்று பெயரை மாற்றினார். இந்தக் கோபால்ராவ் ஒரு வித்தியாசமான மனிதர். அந்தக் காலத்தில் பெண் புத்தகத்தைத் தொட்டாலே வீட்டுக்கு ஆகாது என்பார்கள். இவரோ மனைவி படித்தே ஆகணும் என்று பிடிவாதமாக நின்றார். சமையல் கட்டில் இருந்தால் கோபம் வரும். நமக்கெல்லாம் படிக்கிறேன் என்று சொன்னால் வேலை செய்யலையே என்று திட்டு விழும். ஆனந்திக்குப் படிக்கலையே என்று அடி விழுந்தது.

அடி என்று சும்மா சொல்லவில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவில் இருந்து கணவருக்கு எழுதிய கடிதத்தில் ஆனந்திபாயே இதை எழுதியிருக்கிறார். பத்து வயதில் மரக்கட்டையால் அடித்ததும், பன்னிரண்டு வயதில் நாற்காலியையும் புத்தகத்தையும் தூக்கி எறிந்து, விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டியதும், பதினாலு வயதில் வேறு விநோதமான தண்டனைகள் கொடுத்ததும் அதில் வருகிறது. அதே கணவர்தான் இவரை டாக்டர் ஆக்கினார் என்று எல்லோரும் புகழ்கிறார்கள். ரெண்டும் உண்மைதான். ஆனா எனக்கு அந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்த பிறகு கோபால்ராவைப் புகழ்ந்து எழுத கை வரவில்லை. என்ன இருந்தாலும் அடித்துத்தான் படிக்க வைக்கணுமா?

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். பதினாலு வயதில் ஆனந்திக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பத்தே நாளில் இறந்துவிட்டது. சரியான வைத்தியம் கிடைக்கவில்லை. பெண்ணுக்கு நோய் வந்தால் ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சம், காட்ட விடவும் மாட்டார்கள். பெண் டாக்டர்களோ இல்லை என்றே சொல்லும் நிலைமை. அப்படியே வீட்டுக்குள்ளேயே செத்துப்போன தாய்களும் பிள்ளைகளும் எத்தனையோ. அந்தப் பத்து நாளுக்குப் பிறகுதான் தான் டாக்டருக்குப் படிக்கணும் என்ற எண்ணம் ஆனந்திக்கு வந்தது.

எனக்கும் பதினாலு வயது. இதைப் படித்த அன்று ராத்திரி அப்பத்தாவிடம் சொன்னேன். அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, எங்க அப்பாவுக்கு முன்னாடி ஒரு பிள்ளை பிறந்து நாலாம் நாள் போய்விட்டது என்று சொல்லுச்சு. மாட்டு வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, கண்மாய்க் கரை தாண்டுவதற்குள் முடிஞ்சு போச்சாம். இவ்வளவு நாளாக அப்பத்தா எங்களிடம் இதைச் சொன்னதே இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். 1880-ஆம் ஆண்டு கோபால்ராவ், மனைவியை அமெரிக்காவில் படிக்க வைக்க உதவி கேட்டு வைல்டர் என்ற அமெரிக்கப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தால் உதவி கிடைக்கும் என்கிற மாதிரி பதில் வந்தது. இவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கடிதங்கள் ஒரு பத்திரிகையில் அச்சாகிவிட்டன. நியூ ஜெர்சி மாநிலத்தில் தியோடீசியா கார்ப்பென்டர் என்ற அம்மா, பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில் அந்தப் பத்திரிகையைப் புரட்டிப் படித்தார். முன்பின் தெரியாத இந்தியப் பெண்ணுக்கு நான் உதவுகிறேன் என்று கடிதம் போட்டார். அந்தம்மாவுக்குப் பல் வலிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது. அப்புறம் இருவரும் மாறி மாறிக் கடிதம் எழுதினார்கள். ஆனந்தி அவரைச் சித்தி முறை வைத்துத்தான் கூப்பிட்டார்.

அமெரிக்கா போகப்போகிறார் என்ற செய்தி பரவியதும் எதிர்ப்பு கிளம்பியது. கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அப்போது கோபால்ராவுக்குக் கல்கத்தா பக்கத்தில் செராம்பூரில் வேலை. 1883-ஆம் ஆண்டு அங்கே உள்ள கல்லூரி மண்டபத்தில் ஆனந்தி எல்லோர் முன்னாலும் எழுந்து பேசினார். வயது 17, முடிந்தால் 18. ஊரில் கேட்ட கேள்விகளையே எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஏன் அமெரிக்கா, இங்கே படிக்க வழி இல்லையா, ஏன் தனியாகப் போகிறாய், திரும்பி வந்தால் தள்ளி வைக்க மாட்டார்களா, இப்படி. இந்த நாட்டுக்குப் பெண் டாக்டர்கள் கட்டாயம் வேண்டும் என்றார். நான் இந்துவாகப் போகிறேன், இந்துவாகவே திரும்பி வந்து இங்கேயே வாழ்வேன் என்பதையும் சொல்லிவிட்டார். உடையையும் சாப்பாட்டையும் மாற்றிக்கொள்ள மாட்டேன், அப்புறம் எதுக்காகத் தள்ளி வைப்பார்கள் என்பது அவர் வாதம்.

அந்தப் பேச்சில் நம்ம சென்னையும் வருகிறது! சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துவிட்டார்கள். மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேய அம்மாவும் இன்னும் மூன்று பேரும் அங்கே படித்தார்கள். அது ஆனந்திக்குத் தெரியும். ஆனால் அங்கே பெண்களுக்குச் சொல்லித்தரும் படிப்பு போதாது, கற்பிக்கிறவர்களும் பெண்கள் முன்னேறுவதை முழு மனதோடு விரும்பவில்லை என்று காரணம் சொன்னார். படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. நம்ம ஊருக்கே வந்து படித்திருக்கலாமே என்று தோன்றியது.

1883 ஏப்ரல் மாதம் கல்கத்தாவில் கப்பல் ஏறினார். கணவர் கூடப் போகவில்லை. துணைக்கு மிஷனரிப் பெண்கள் சிலர்தான். ஜூன் மாதம் 4-ஆம் தேதி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஏறத்தாழ ரெண்டு மாதக் கப்பல் பயணம்! கார்ப்பென்டர் அம்மா துறைமுகத்துக்கே வந்து கூட்டிப் போனார். பிறகு பிலடெல்பியா நகரில் இருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அது பெண்களுக்கென்றே 1850-இல் தொடங்கிய கல்லூரி. ரேச்சல் பாட்லி என்ற அம்மாதான் முதல்வர்.

அங்கே குளிர் தாங்கவில்லை. நம்மைப் போல மார்கழி மாதம் கொஞ்சம் நடுங்கிவிட்டு முடிகிற குளிர் இல்லை, பனி கொட்டும் குளிர். இவர் சேலையை விடவில்லை. மராட்டிய முறையில் ஒன்பது கஜச் சேலையைக் கட்டினால் கால் மூடாது என்று குஜராத்திப் பெண்கள் கட்டுகிற மாதிரி மாற்றிக் கட்டிக்கொண்டார். இறைச்சி சாப்பிடவில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. சொன்ன சொல்லுக்காக இப்படி இருந்தது பெருமைதான், ஆனா கம்பளிச் சட்டை கவுன் போட்டுக்கொண்டு கொஞ்சம் நல்லா சாப்பிட்டிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவே இல்லை. அமெரிக்காவில் ஒரு கூட்டத்தில் இந்தியாவின் குழந்தைத் திருமணத்தைப் பற்றிப் பேச இவரைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் அதைக் கண்டித்துப் பேசுவார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஆனந்திபாய் அந்த வழக்கத்துக்கு ஆதரவாகப் பேசினார். ஒன்பது வயதில் தாலி ஏறியவர், பதினாலில் பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவரா இப்படி? நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இவரைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றும் நினைத்தேன்.

பிறகு ஒரு மழை நாளில்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. எங்க வீட்டு ஓடு ஒழுகும். ஒழுகுகிற இடத்தில் எல்லாம் சட்டி வைத்துக்கொண்டு அம்மா அப்பாவைத் திட்டும். ஆனால் வெளியூரில் இருந்து சொந்தக்காரர் யாராவது வந்து, என்ன வீடு இப்படி ஒழுகுது என்று கேட்டால், அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே, சாரல்தான் என்று அம்மாவே சொல்லிவிடும். ஆனந்திபாய் நின்ற இடமும் அதுதான் என்று நினைக்கிறேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தியாவில் எல்லாமே இருட்டு என்று ஏற்கெனவே முடிவு செய்தவர்கள். அவர்கள் முன்னால் தன் வீட்டை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் பேசியது தவறுதான். சாரல் என்று சொல்வதால் ஓடு ஒழுகாமல் இருக்காது. அன்றைக்கும் இங்கே ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குத் தாலி ஏறிக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் பட்டம் வாங்குவதற்காக எழுதிய ஆய்வுக் கட்டுரைக்கு அவர் எடுத்த தலைப்பைப் பாருங்கள். இந்துக்களிடையே பிரசவ மருத்துவம். நம் பழைய நூல்களில் கர்ப்பிணிக்கும் பிரசவத்துக்கும் என்னென்ன சொல்லியிருக்கிறது என்பதையும், அமெரிக்காவில் படித்ததையும் சேர்த்து எழுதினார். எத்தனையோ நோய்கள் இருக்க, இவர் பிரசவத்தை எடுத்தார். வாயால் எதைப் பேசினாலும், மனசு அந்தப் பத்து நாளை விட்டு நகரவே இல்லை.

1886-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11-ஆம் தேதி பட்டம் பெற்றார். இந்தியாவில் இருந்து போய் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண். அப்போது கோபால்ராவும் அமெரிக்கா வந்திருந்தார். உறவினரான பண்டித ரமாபாயும் இங்கிலாந்தில் இருந்து விழாவுக்கு வந்தார். கோலாப்பூர் சமஸ்தானத்தில் இருந்து, ஆல்பர்ட் எட்வர்ட் ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவுக்கு டாக்டராக வரச்சொல்லி வேலை உத்தரவும் கிடைத்தது.

எல்லாம் கூடி வந்தது. உடம்புதான் வரவில்லை. காசநோய். அதற்கு அப்போது மருந்தே கிடையாது. 1886 கடைசியில் இந்தியா திரும்பியபோது நோய் முற்றியிருந்தது. கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் அவருக்காகக் காத்திருந்த நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை. 1887-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 26-ஆம் தேதி பூனாவில் இறந்தார். 22 வயது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

பிற்காலத்தில் வெள்ளிக் கோளில் உள்ள ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். எனக்கு அதை விட இன்னொன்றுதான் பெரிதாகத் தோன்றுகிறது. அவருடைய அஸ்தியைக் கோபால்ராவ் கார்ப்பென்டர் அம்மாவுக்கு அனுப்பி வைத்தார். அந்தம்மா நியூயார்க் மாநிலத்தில் போக்கீப்சி என்ற ஊரில் தங்கள் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் அதை வைத்து, ஒரு கல்லும் நட்டார். கல்வி பெறுவதற்காக இந்தியாவை விட்டு வந்த முதல் பிராமணப் பெண் என்று அந்தக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். திரும்பி வந்து இங்கேயே வாழ்வேன் என்று செராம்பூரில் சொன்னவருடைய சாம்பல் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

எங்க வீட்டில் பத்தாவதுக்கு மேல் என்ன செய்வது என்று இப்பவே பேச்சு நடக்கிறது. பதினோராம் வகுப்புக்கு டவுனுக்குப் போகணும், காலையில் ஒரே ஒரு பஸ். பெரியப்பாவுக்கு இஷ்டம் இல்லை. அப்பா எதுவும் சொல்லாமல் இருக்கார். இந்தக் கட்டுரையை நல்ல தாளில் எழுதுவதற்கு முன்னாடி, எல்லோரும் இருக்கும்போது அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். பெரியப்பாவும் திண்ணையில்தான் இருந்தார். கப்பல், பனி, பட்டம், சாவு எல்லாவற்றையும் அப்பத்தா கேட்டுச்சு. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. பத்து நாள் இருந்துச்சே அந்தப் பச்சப்புள்ள, அதுக்குப் பேரு வச்சாங்களா என்று. அப்பத்தா தன் பிள்ளைக்கு ஏழாம் நாள் பேர் வைக்கலாம் என்று இருந்துச்சாம்.

9-ஆம் வகுப்பு மாணவி