சிலந்தியும் ஆசிரியரும்

சிலந்தியைக் கண்டால் நாம் அலறி ஓடுகிறோம். பிரெஞ்சு அறிஞர் ழான் ஹென்றி ஃபாபரோ அதனருகில் மணிக்கணக்கில் அமர்ந்து கவனித்தார்.

1823-இல் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், அவிஞ்ஞோன் நகரில் ஆசிரியரானார். அங்கே மாலையில் இலவச வகுப்புகள் நடத்தினார். பெண்களுக்கு அறிவியல் எட்டாக்கனியாயிருந்த அக்காலத்தில், இளம்பெண்களுக்கும் மலர் காயாகும் விதத்தை விளக்கினார். எதிர்ப்பு மூண்டது. வேலையைத் துறக்க நேர்ந்தது. குடியிருந்த வீட்டையும் இழந்தார்.

ஆயினும் அவர் தளரவில்லை. பாடநூல்கள் எழுதிப் பிழைத்தார். 1879-இல் செரிஞ்ஞான் என்னும் சிற்றூரில் முட்செடி மண்டிய தரிசு நிலத்தை வாங்கிக் குடியேறினார். அங்கே குளவி, தேள், சிலந்தி ஆகியவற்றின் வாழ்வை ஆராய்ந்து, எவரும் படித்து மகிழும் எளிய நடையில் பத்துத் தொகுதிகள் எழுதினார். 1915-இல் மறைந்தார்.

மாணவியருக்குக் கற்பித்ததால் வேலையிழந்த அந்த ஆசிரியரை நினைத்து, இனிச் சிலந்தியைக் கண்டால் சற்றே நின்று கவனிப்போம், தோழியரே!